வெட்டிய பதினான்கு வினாடிகள்

கத்திரிக்குக் கோபம் வந்தால் முதலில் காது சிவக்கும். அதற்குப் பிறகுதான் வாய் திறக்கும். அன்று செவ்வாய்க்கிழமை காலை, அக்கா போனில் நோட்டீஸை வாசிக்க வாசிக்க, ஹெட்போனுக்குள் இரண்டு காதும் தணலாகச் சுட்டன.

"'செயலி வழங்கும் அனுமதி எண் இல்லாத நான்கு பேரைத் தன்னிச்சையாக வார்டில் சேர்த்ததுடன், அதைப் பொதுவெளியில் பெருமையாகவும் ஒப்புக்கொண்டுள்ளீர்கள்.' பெருமையாவாம்டீ. கேட்டியா? பெருமையா!"

"அக்கா, யாரு இதை எழுதினது?"

"வார்டு எந்தப் பக்கம் இருக்குன்னே தெரியாத யாரோ ஒருத்தன். வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு விசாரணை. அதுவரைக்கும் நான் ஆஸ்பத்திரி வாசலைக்கூட மிதிக்கக் கூடாதாம். தப்புன்னு முடிவாச்சுன்னா வேலை போச்சு, லைசென்ஸும் போச்சு. பத்தொன்பது வருஷம்டீ."

"ஆதாரம்னு என்ன வெச்சிருக்காங்க?"

மறுமுனையில் ஒரு பெருமூச்சு.

"நீ எடிட் பண்ணின நிகழ்ச்சிதான்."

கத்திரி என்பது வீட்டில் வைத்த பெயர் இல்லை. ஒலிப்பதிவுகளை வெட்டி ஒட்டுவது அவள் தொழில். கூட வேலை செய்தவர்கள் வைத்த பட்டப்பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டுவிட்டது. ஊர் முடங்கிய நாளிலிருந்து அவளுடைய ஸ்டூடியோ படுக்கையறைத் துணி அலமாரிதான். உள்ளே ஒரு ஸ்டூல், மடியில் கணினி, இரண்டு பக்கமும் தொங்கும் கம்பளிகள். தெருவில் ஆம்புலன்ஸ் அலறினாலும் உள்ளே கேட்காது. ஆனால் கூடத்தில் உட்கார்ந்து கணினித் திரையில் கணக்குப் பாடம் நடத்தும் வீட்டுக்காரரின் குரல் மட்டும் எப்படியோ நுழைந்துவிடும். "யாருக்காவது சந்தேகம் இருக்கா?" என்று அவர் கேட்பார். நாற்பது கறுப்புக் கட்டங்களும் கல்லுப்பிள்ளையாராக இருக்கும். "அப்ப எல்லாருக்கும் புரிஞ்சிடுச்சு" என்று அவரே தனக்கு ஆறுதல் சொல்லிக்கொள்வார்.

கத்திரிக்குச் சோறு போட்டது ஓர் அறக்கட்டளை நடத்திய இணைய நிகழ்ச்சி. நோய்க்காலத்தில் தொழில்நுட்பம், அரசியல், பண்பாடு பற்றி வாரம் ஓர் உரையாடல். நடத்துபவர் ஒரு பேராசிரியர். மென்மையான குரல். பின்னணியில் கூரையை முட்டும் புத்தக அடுக்கு. 'கண்காணிக்கப்படும் மனிதன்', 'நமது தரவு யாருடையது?', 'கேள்வி கேட்கும் பண்பாடு' என்று வாரம் ஒரு தலைப்பு. நாற்பது வாரங்களாக அவருடைய இருமலையும் 'வந்து வந்து'வையும் நீக்கி, அவரை ஒரு பேச்சுப் புலியாக ஆக்கிவைத்திருந்தவள் கத்திரிதான்.

போன வார உரையாடல், ஆஸ்பத்திரிக் கட்டில்களைப் பங்கிட்டுத் தரும் ஒரு செயலியைப் பற்றியது. அந்தச் செயலியில் பதிவு செய்தால் போனுக்கு ஓர் எண் வரும். எண் வந்தால்தான் கட்டில். செயலியை உருவாக்கிய நிறுவனத்தின் முதலாளி ஒரு விருந்தினர். "களத்துக் குரல் ஒண்ணு இருந்தா நல்லா இருக்கும்மா, உனக்கு யாரையாவது தெரியுமா?" என்று பேராசிரியர் கேட்டபோது, கோவிட் வார்டின் பொறுப்பு நர்ஸாக இருந்த தன் அக்காவைப் பிடித்துக் கொடுத்தவளும் கத்திரிதான்.

நிகழ்ச்சியில் அக்கா சொன்னது இவ்வளவுதான். ஒரு நாள் மாலை ஐந்து பேர் மூச்சுத் திணறலோடு வந்தார்கள். யார் போனுக்கும் எண் வரவில்லை. அவர்களில் நான்கு பேரை வார்டில் சேர்த்தோம். உடனே முதலாளி குறுக்கே புகுந்தார். "எங்க ஆப் ஒரு நிமிஷம்கூட நின்னதில்லை சிஸ்டர். அவங்க நெட்வொர்க்ல ஏதாவது பிரச்சனை இருந்திருக்கும். சரி, நம்பர் இல்லாம வந்தவங்கள்ல யாரைச் சேர்க்கிறதுன்னு முடிவு பண்ணினது யாரு?"

"நான்தான்" என்றாள் அக்கா.

அந்த இருபது வினாடியை மட்டும் யாரோ நறுக்கி எடுத்து ஊரெல்லாம் சுற்றவிட்டிருந்தார்கள். 'திமிரைப் பாருங்கள்', 'வேண்டியவர்களுக்குக் கட்டில், ஏழைக்குக் கதவு', 'யார் இந்த ராணி?' என்று கீழே ஆயிரக்கணக்கில் வசவு. கத்திரி அதைப் போட்டுக் கேட்டாள். கேள்வி முடிந்ததும், சொடக்குப் போட்டது போலப் பதில் விழுந்தது. நான்தான். ஆமாம், கேட்க அப்படித்தான் இருந்தது. இடுப்பில் கைவைத்துக்கொண்டு சொன்னது போல.

ஆனால் அக்கா அப்படிப் பேசுகிற ஆள் இல்லை.

கத்திரிக்கு அப்போதுதான் சுரீர் என்றது. அவளிடம் ஒரு குறுக்குவழி இருந்தது. ஒரு வினாடிக்கு மேல் மௌனம் வந்தால் அதை அரை வினாடியாகத் தானாகவே சுருக்கிவிடும் அமைப்பு. எழுபது நிமிடப் பேச்சை ஐம்பத்திரண்டாக ஆக்கிவிடும். அதைப் பற்றி அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு. போன வாரம், மதியத்துக்குள் வேண்டும் என்று பேராசிரியர் துரத்தியதால், கடைசிச் சரிபார்ப்பை இரட்டை வேகத்தில் கேட்டாள். இரட்டை வேகத்தில் உலகத்தில் எல்லோருமே சட்டென்று பதில் சொல்பவர்கள்தான்.

வெட்டாத மூலப் பதிவைத் திறந்தாள். கேள்வி முடிந்தது. பிறகு ஒன்றுமில்லை. ஒன்று, இரண்டு, ஐந்து, ஒன்பது. தூரத்தில் ஏதோ கதவு சாத்தும் சத்தம். பன்னிரண்டு. உள்ளே இழுத்த மூச்சு. பதினான்கு.

"நான்தான்."

கிணற்றுக்குள்ளிருந்து வந்த குரல் அது.

"அடிப்பாவி" என்று கத்திரி தன்னையே வைதுகொண்டாள். சத்தம் கேட்டு வீட்டுக்காரர் அலமாரிக் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்.

"என்ன ஆச்சு? கிளாஸ் நடக்குது, பசங்களுக்குக் கேட்கும்."

"உங்க பசங்க எப்போ எதைக் கேட்டிருக்காங்க? ஏங்க, அக்காவோட வேலைக்கு நானே உலை வெச்சிட்டேன்."

விஷயத்தைச் சொன்னதும் அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். "சரி. முழுசையும் விசாரணைக்கு அனுப்பு. மௌனத்தோட கேட்டா, திமிர் இல்லைன்னு புரியும்ல?"

"திமிர் இல்லைன்னு புரியும். தப்பு இல்லைன்னு எப்படிப் புரியும்? ஆப் வேலை செஞ்சுதுன்னு அந்த ஆள் சாதிக்கிறானே."

அந்தக் கோபத்தில்தான் அவள் வழக்கமாகச் செய்யாத ஒன்றைச் செய்தாள்.

அந்த நிகழ்ச்சியின் வேலைமுறை இப்படி. இணைய அழைப்பில் குரல் கரகரக்கும் என்பதால், ஒவ்வொரு விருந்தினரும் தன் வீட்டிலேயே தன் குரலைத் தனியாகப் பதிவு செய்து, முடிந்ததும் கோப்பை அனுப்ப வேண்டும். தொடங்கும்போது எல்லோரும் ஒன்றாகக் கை தட்டுவார்கள். அந்தத் தட்டலை அடையாளமாக வைத்து, கத்திரி மூன்று கோப்புகளையும் ஒன்றின் கீழ் ஒன்றாக நிறுத்துவாள். ஒருவர் பேசும்போது மற்ற இருவரின் பதிவையும் கேட்காமலே மூடிவிடுவாள். அதில் என்ன இருக்கப் போகிறது? நாற்காலி கிரீச்சிடும், யாராவது கொட்டாவி விடுவார்கள்.

அழைப்பில் ஒலியை அணைத்துவிட்டால் தன் பேச்சு யாருக்கும் கேட்காது என்று விருந்தினர் நிம்மதியாக இருப்பார். ஆனால் பக்கத்தில் ஓடும் அவருடைய சொந்தப் பதிவுக்கு அந்தப் பொத்தானைப் பற்றி ஒன்றும் தெரியாது. அது பாட்டுக்கு எல்லாவற்றையும் எழுதிக்கொண்டே இருக்கும்.

கத்திரி முதலாளியின் பதிவைத் திறந்து, அக்காவின் பதினான்கு வினாடிகளுக்கு நேராகக் கொண்டுபோய் நிறுத்தினாள்.

"அன்னிக்கு நாலு மணி நேரம் சர்வர் விழுந்து கிடந்தது இவளுக்குத் தெரியுமாடா?"

இன்னொரு குரல், கொஞ்சம் தள்ளி: "தெரியாது சார். தெரிஞ்சாலும் ஆதாரம் இல்லை. சர்வரோட லாக் பதிவு எல்லாம் அழிச்சாச்சு."

"நல்லது. டீ சொல்லு. சர்க்கரை கம்மியா."

பிறகு அக்காவின் பதில். நான்தான்.

கத்திரி அதை மூன்று முறை கேட்டாள். நான்காவது முறை ஹெட்போனைக் கழற்றிக் கம்பளி மேல் வீசினாள். வீட்டுக்காரர் எடுத்து மாட்டிக்கொண்டார். கேட்டார். கூடத்துக்குப் போய், "இன்னிக்கு வகுப்பு இவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டு வந்தார். நாற்பது கட்டங்களிலும் முதல்முறையாக உயிர் வந்தது. "நன்றி சார்! நன்றி சார்!"

பேராசிரியர் இரண்டாவது மணியிலேயே போனை எடுத்தார். ஒலித்துண்டை ஏற்கெனவே அவருக்கு அனுப்பியிருந்தாள்.

"கேட்டேன்மா. ரொம்ப வருத்தமா இருக்கு."

"வருத்தம் இருக்கட்டும் சார். இதை நம்ம நிகழ்ச்சியிலேயே வெளியிடணும். நான் வெட்டின மௌனத்தைச் சேர்த்து, அவர் பேசினதையும் சேர்த்து."

"அது எப்படிம்மா முடியும்? அது அவரோட தனிப்பட்ட பேச்சு. ஒரு மனுஷனோட அந்தரங்கத்துக்குள்ள நாம போகலாமா?"

"ஆஸ்பத்திரிக் கட்டில் அந்தரங்கமா சார்?"

"நான் சொல்றது கொள்கை. அவர் ஒப்புதல் படிவத்துல கையெழுத்துப் போட்டிருக்கார். மூலப் பதிவு அறக்கட்டளையோட சொத்து. நீயும் போட்டிருக்கே, ஞாபகம் இருக்கட்டும்."

"சார், 'தொழில்நுட்பத்தைக் கேள்வி கேட்கத் துணிய வேண்டும்'னு போன மாசம் பேசினீங்களே. அந்த வாக்கியத்துல நாலு தடவை திக்கினீங்க. உக்காந்து ஒட்டினது நான். எனக்கு மனப்பாடமே ஆயிடுச்சு."

"அது பொதுவாச் சொன்னதும்மா."

"பொதுவா எல்லாத்தையும் கேள்வி கேட்கலாம், குறிப்பா ஒருத்தனைக் கேட்கக்கூடாது. அப்படித்தானே?"

"உனக்குக் கோபம். புரியுது. அக்கா இல்லையா." அவர் குரல் இன்னும் மென்மையானது. அந்த மென்மைதான் கத்திரிக்கு எரியும் தீயில் எண்ணெயானது. "நம்மளுது உரையாடலுக்கான மேடை. தீர்ப்பு சொல்ற இடம் இல்லை. இன்னொரு விஷயம், வியாழக்கிழமை நேரலை. அவரும் வர்றார், நிறைவு நிகழ்ச்சின்னு. அவரோட நிறுவனம்தான் அடுத்த வருஷ நிகழ்ச்சிக்குத் துணை நிற்கப்போகுது. அதுக்கு முன்னாடி சங்கடம் எதுவும் வேண்டாம்."

"ஓ" என்றாள் கத்திரி. ஒரே எழுத்துதான். அதற்குள் நாற்பது வாரம் இருந்தது.

"மா, இருக்கியா?"

"இருக்கேன் சார். வியாழக்கிழமை நாலு மணிக்கு வந்துடறேன்."

போனை வைத்ததும் வீட்டுக்காரர் அவள் முகத்தைப் பார்த்தார். பதின்மூன்று வருடத்துக் குடித்தனத்தில் இந்த முகத்தை அவர் இரண்டு தடவைதான் பார்த்திருக்கிறார். இரண்டு தடவையும் யாரோ ஒருவர் வீட்டை விட்டு வெளியேறும்படி ஆயிற்று.

"வேலை போயிடும்" என்றார்.

"போகட்டும்."

"கேஸ் போடுவாங்க."

"போடட்டும்."

"எதுக்கும் விசாரணைக் கமிட்டிக்கு அனுப்பிப் பார்ப்போமே?"

அனுப்பினாள். ஒரு மணி நேரத்தில் பதில் வந்தது. எந்த வழியில் பெறப்பட்டது என்று தெரியாத ஒலிப்பதிவுகளை ஏற்பதற்கில்லை. பொதுவெளியில் வெளியானவற்றை மட்டுமே கணக்கில் கொள்ள முடியும்.

"பொதுவெளியில வெளியானதா?" வீட்டுக்காரர் அந்த வரியை மறுபடி படித்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். "சரி, வியாழக்கிழமை நானும் லீவு போட்டுடறேன்."

அக்காவிடம் கத்திரி எதையும் சொல்லவில்லை. சொன்னால் தடுப்பாள் என்று பயம். அக்காவும் போன் எடுக்கவில்லை. இரண்டு தெரு தள்ளி, தனி வீட்டில், கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தாள்.

வியாழன் மாலை நான்கு மணி. அலமாரிக்குள் கம்பளிகளுக்கு நடுவே கத்திரி உட்கார்ந்தாள். நேரலையில் யார் குரல் வெளியே போக வேண்டும், யாருடையது போகக்கூடாது என்பதெல்லாம் அவள் விரல் நுனியில். ஆயிரத்து இருநூறு பேர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பேராசிரியர் தொடக்கத்தில் நோய் தந்த பாடங்கள் என்று பத்து நிமிடம் பேசினார். முதலாளி வெள்ளைச் சட்டையில், சிரித்த முகமாக இருந்தார். மனித மனத்தில் பாரபட்சம் உண்டு, இயந்திரத்துக்குக் கிடையாது, அதனால்தான் முடிவுகளை இயந்திரத்திடம் கொடுக்க வேண்டும் என்றார். "வாசல்ல நிக்கிற ஒரு நர்ஸோட இஷ்டத்துக்கு உயிர்களை விட முடியுமா? நீங்களே சொல்லுங்க."

"ஆழமான கேள்வி" என்றார் பேராசிரியர். "இப்போது நேயர்களின் கேள்விகள்."

கத்திரி தன் ஒலியைத் திறந்தாள். நாற்பது வாரத்தில் முதல்முறை.

"சார், என்கிட்ட ஒரு கேள்வி இருக்கு."

பேராசிரியரின் புருவம் உயர்ந்தது. "நம் தொழில்நுட்ப உதவியாளர். சுருக்கமாக, அம்மா."

"சுருக்கமாத்தான். நீங்க போன தடவை உங்க ஆப் ஒரு நிமிஷம்கூட நின்னதில்லைன்னு சொன்னீங்க. அந்த அஞ்சு பேர் ஆஸ்பத்திரிக்கு வந்த சாயங்காலமும் ஓடிச்சா?"

முதலாளி சிரிப்பு மாறாமல் சொன்னார். "ஓடிச்சு. தாராளமா யார் வேணும்னாலும் சோதிச்சுப் பார்க்கலாம்."

"நன்றி. இது நீங்களே உங்க வீட்டுல பதிவு பண்ணி எனக்கு அனுப்பின கோப்பு. எங்க அக்கா பதில் சொல்ல யோசிச்ச நேரத்துல, நீங்க ஒலியை அணைச்சுட்டுப் பேசினது."

விரலை அழுத்தினாள்.

சர்வர் விழுந்து கிடந்தது. லாக் அழிக்கப்பட்டது. டீ, சர்க்கரை கம்மியாக.

திரையில் வெள்ளைச் சட்டை அசையாமல் இருந்தது. படம் உறைந்துவிட்டதோ என்று சந்தேகம் வந்தது. இல்லை, கண் மட்டும் சிமிட்டியது.

"இது... இது ஜோடிச்சது!"

"கை தட்டல்ல இருந்து முழுசா இருக்கு சார். முழுசையும் போடவா? நடுவுல நீங்க நம்ம பேராசிரியரைப் பத்திச் சொன்னதும் இருக்கு."

இதைக் கேட்டதும் பேராசிரியரின் மென்மை எங்கோ ஓடிப்போயிற்று. "என்ன சொன்னார்?" என்று கேட்டுவிட்டு, உடனே சுதாரித்துக்கொண்டு, "நேயர்களே, சிறு தொழில்நுட்பக் கோளாறு" என்றார். அவருக்கு நிகழ்ச்சியை நிறுத்தும் பொத்தான் எங்கே இருக்கிறது என்று தெரியாது. அதற்குத்தான் கத்திரி இருந்தாள். மூன்று நிமிடம் அவர் திரையெல்லாம் தேடினார். அந்த மூன்று நிமிடமும் நேயர்களின் கேள்விகள் மழையாகக் கொட்டின. அவள் ஒவ்வொன்றாகச் சத்தமாக வாசித்தாள். கடைசியில் அவர் கணினியையே அணைத்துவிட்டுப் போனார்.

பத்து நிமிடத்தில் அறக்கட்டளையிலிருந்து ஒரு வரிக் கடிதம் வந்தது. தங்கள் சேவைக்கு நன்றி. ஐந்து மணிக்குள் அந்த ஒலித்துண்டு, போன வாரத் துண்டு போன வீடுகளுக்கெல்லாம் போய்ச் சேர்ந்திருந்தது. வீட்டுக்காரர் இரண்டு டம்ளர் டீ போட்டுக் கொண்டுவந்தார். கத்திரி டம்ளரைப் பார்த்தாள். "எனக்கு வேண்டாம். கொஞ்ச நாளைக்கு வேண்டாம்."

ஆறு மணிக்குப் போன் அடித்தது. அக்கா.

"பால்கனிக்கு வா."

கத்திரி ஓடினாள். மூன்றாவது மாடியிலிருந்து பார்த்தால், வெறிச்சோடிய தெருவில், முகக்கவசத்தோடு அக்கா நின்றுகொண்டிருந்தாள். காதில் போன். ஆஸ்பத்திரியில் வேலை செய்பவள் என்பதால் கடந்த எட்டு மாதமாக வீட்டுக்குள் வந்ததில்லை. இப்படித்தான் பார்த்துக்கொள்வார்கள்.

"அக்கா, கேட்டியா? கிழிச்சுட்டேன்ல?" கத்திரிக்குக் குரல் துள்ளியது.

"உன்னை யாரு கேட்டாங்க?"

கத்திரி போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"சர்வர் விழுந்தது எனக்குத் தெரியாதாடீ? வார்டுல துடைக்கிற அம்மாவுக்குக்கூடத் தெரியும். அதைச் சொல்லித் தப்பிக்கணும்னா அன்னிக்கே இன்னும் சத்தமாச் சொல்லியிருப்பேன்."

"அக்கா, உன் வேலை..."

"பேசாதே. கேளு. வந்தது எத்தனை பேரு?"

"அஞ்சு."

"சேர்த்தது?"

"நாலு." சொன்ன பிறகுதான் அந்தக் கணக்கு கத்திரியின் மண்டையில் இறங்கியது. நிகழ்ச்சியைப் பத்துத் தடவை கேட்டிருக்கிறாள். ஊரே கேட்டிருக்கிறது. ஒருவரும் மீதி ஒன்று எங்கே என்று கேட்கவில்லை.

"நாலு கட்டில்தான் இருந்துச்சு" என்றாள் அக்கா. கீழே நிற்கிறவளின் வாய் தெரியவில்லை. கை மட்டும் காற்றை வெட்டிக்கொண்டிருந்தது. "அஞ்சாவது ஆளு ஒரு டெய்லர். வேலையிலிருந்து நேரா வந்துட்டார். கழுத்துல அளவெடுக்கிற டேப்பு. அஞ்சு பேருக்கும் ஆக்சிஜன் பார்த்தேன். அவருக்குத்தான் கொஞ்சம் பரவாயில்லை. தள்ளி இருக்கிற பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கன்னு வாயால சொல்லி அனுப்பினேன். 'சரி சிஸ்டர், அவங்கல்லாம் பெரியவங்க, அவங்களைப் பாருங்க'ன்னு நடந்தே போனார். ரெண்டு மணி நேரத்துல திரும்பக் கொண்டு வந்தாங்க. அப்பவும் கழுத்துல டேப்பு இருந்துச்சு."

தெருவில் ஒரு சைக்கிள் போனது. அது முனை திரும்பியதும் அக்கா தொடர்ந்தாள்.

"யாரு முடிவு பண்ணினதுன்னு அந்த ஆள் கேட்டான் பாரு. அப்போ அவர் முகம்தான் எனக்கு எதிர்ல நின்னுச்சு. பதினாலு வினாடியா? எனக்கு அது எவ்வளவுன்னு தெரியாது. அதை நீ வெட்டின. சரி, தெரியாம வெட்டிட்டே. இப்போ அந்த இடத்துல அவன் டீ கேட்டதை வெச்சு ஒட்டி ஊருக்கே போட்டுட்டே. என் பக்கத்துல நிக்கிறதா நினைச்சு, அவர் நின்ன இடத்துல அவனைக் கொண்டுவந்து நிறுத்திட்டியேடீ!"

"எனக்குத் தெரியாதுக்கா..."

"கேட்டியா? ஒரு தடவையாவது கேட்டியா? 'அக்கா, ஏன் அவ்வளவு நேரம் பேசாம இருந்தே'ன்னு?"

கத்திரி கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கேட்கவில்லை. கோபப்பட்ட அவசரத்தில் அதைக் கேட்கத் தோன்றவே இல்லை.

"நாளைக்கு நான் அதைச் சொல்லப் போறேன்" என்றாள் அக்கா.

"வேண்டாம்க்கா! இப்போ எல்லாம் உன் பக்கம் திரும்பியிருக்கு. ஒரு ஆளைத் திருப்பி அனுப்பினேன், அவர் போயிட்டார்னு நீயா வாயைக் கொடுத்து மாட்டிக்காதே. யாரும் கேட்கவே இல்லையே!"

"யாரும் கேட்கலைன்னுதான் சொல்றேன். நீ வெட்டற மாதிரி நானும் வெட்டணுமா? காலையில ஒன்பதரைக்குக் கிளம்பி வா. மாப்பிள்ளையை வீட்டுல இருக்கச் சொல்லு."

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு விசாரணை அறையில் ஜன்னல்கள் எல்லாம் திறந்திருந்தன. நீள மேசைக்கு அந்தப் பக்கம், பிளாஸ்டிக் தடுப்புக்குப் பின்னால், மூன்று பேர். ஓரத்தில் கணினியோடு ஒரு தட்டச்சர். கமிட்டித் தலைவர் முகத்தில் சரியாகத் தூங்காத களைப்பு. நேற்றைய நிகழ்ச்சிக்குப் பிறகு அவருக்கு எத்தனை போன் வந்ததோ. நோட்டீஸில் 'தன்னிச்சையாக' என்று எழுதியவர் இப்போது, "உட்காருங்க சிஸ்டர், தண்ணி குடிங்க" என்றார்.

"நேத்து வெளியானதை நாங்களும் கேட்டோம். ஆப் வேலை செய்யலை. அவசர நிலையில நீங்க நாலு பேரைச் சேர்த்தது சரிதான். குற்றச்சாட்டைக் கைவிடறதா எழுதிடறோம். நீங்க திங்கட்கிழமையே டூட்டிக்கு வரலாம். அவ்வளவுதான்."

கத்திரிக்கு மூச்சு வந்தது. அக்காவின் முழங்கையை மெல்லத் தொட்டாள். அக்கா கையை இழுத்துக்கொண்டாள்.

"அஞ்சாவது ஆளு?" என்றாள்.

"யாரு?"

"அன்னிக்கு வந்தது அஞ்சு பேரு. அஞ்சாவது ஆளை நான் திருப்பி அனுப்பினேன். அவர் இறந்துட்டார்."

தலைவர் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார். அவர் காகிதத்தைப் பார்த்தார். "நோட்டீஸில் அப்படி யாரும் இல்லையேம்மா."

"அதனாலதான் சொல்றேன். நம்பர் இல்லாம உள்ள வந்த நாலு பேருக்கு நோட்டீஸ் போட்டீங்க. நம்பர் இல்லாம வெளியே போன ஒருத்தருக்கு ஒரு தாள் போடலை. அவர் உங்க ஆப்லயும் இல்லை, என் ரிஜிஸ்டர்லயும் இல்லை, செத்தவங்க கணக்குலயும் எங்க வார்டு பேர்ல இல்லை. எழுதுங்க."

"சிஸ்டர், யோசிச்சுப் பேசுங்க. இது உங்களுக்கே பாதகமா முடியலாம். கேஸை முடிச்சு வைக்கிற நேரத்துல..."

"முடிக்கிறதுக்கு முன்னாடி எழுதுங்க."

"மனிதாபிமானத்தோட சொல்றேன்..."

"மனிதாபிமானம் எல்லாம் கட்டில் வாங்கிப் போடறப்போ காட்டியிருக்கணும் சார்!" அக்காவின் உள்ளங்கை மேசையில் அறைந்ததில் பிளாஸ்டிக் தடுப்பு ஆடியது. "யாரோ ஒருத்தர் கண்ணாடி ரூம்ல உக்காந்து எழுதின ஆப் செத்துக் கிடக்கும். யாரோ ஒருத்தர் கட்டில் வேண்டாம், செலவுன்னு கோப்பை மூடி வெப்பார். கடைசியில வாசல்ல நின்னு, ஒரு மனுஷன் மூஞ்சியைப் பார்த்து, போங்கன்னு சொல்றது நான். அதையும் நான் சொல்லலைன்னு எழுதிட்டா, அந்த மனுஷன் வரவே இல்லைன்னு ஆயிடும். எழுதுங்க."

தலைவர் நெற்றியைத் தடவினார். பிறகு தட்டச்சரிடம் திரும்பி, எழுத்து நடையில் சொன்னார். "இடமின்மை காரணமாக ஐந்தாம் நபர் வேறு மருத்துவமனைக்குப் பரிந்துரைக்கப்பட்டார்."

"பரிந்துரைக்கலை" என்றாள் அக்கா.

"நடைமுறையில அப்படித்தான்மா எழுதுவோம்."

"நடைமுறையில யாரும் சாகறதில்லை சார். செயலி நாலு மணி நேரம் வேலை செய்யலை. கட்டில் நாலுதான் இருந்துச்சு. அஞ்சாவதா வந்தவரைத் திருப்பி அனுப்பினோம். ரெண்டு மணி நேரத்துல இறந்தார். இவ்வளவுதான் நடந்துச்சு. இதை அப்படியே போடுங்க." அவள் அந்த மனிதரின் முழுப் பெயரையும் வயதையும் தெருவையும் சொன்னாள். எதையும் பார்த்துச் சொல்லவில்லை. "தொழில், டெய்லர்."

அறை அமைதியாக இருந்தது. கத்திரி தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். யாராவது சீக்கிரம் எதையாவது சொல்லித் தொலைக்க மாட்டார்களா என்று இருந்தது. இருந்தாலும் வாயைத் திறக்கவில்லை.

தலைவர் தலையை ஆட்டலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே, தட்டச்சர் தட்ட ஆரம்பித்துவிட்டார்.